மானத்துக்காக வாங்கும் கந்துவட்டி

வங்கி ஓடியை, அதாவது ஓவர்டிராஃப்டை, நிறுத்திவிட்டது என்று ஒரு வியாபாரி வாய்விட்டுச் சொன்னால், கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவரைப் பற்றி இரண்டு பேச்சு எழும். ஒன்று முதுகுக்குப் பின்னால்: "ஆடின ஆட்டத்துக்கு பேங்க்காரன் சும்மா விடுவானா?" இன்னொன்று முகத்துக்கு நேரே, அக்கறையோடு: "எங்கயாவது புரட்டி மொதல்ல பேங்க்கை அடைச்சுடுங்கண்ணே. மானம் போச்சுன்னா திரும்ப வராது."

இரண்டும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை. லிமிட், அதாவது அந்த ஓடியின் வரம்பு, நல்ல நடத்தைக்கு வங்கி தரும் சான்றிதழ். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நடத்தை கெட்டுவிட்டது என்று பொருள். கெட்ட பெயரை என்ன விலை கொடுத்தாவது துடைத்துவிட வேண்டும். ஆலை அதிபர் முதல் உரக்கடைக்காரர் வரை, அவர்கள் வீட்டு மாமனார், மைத்துனர் வரை இதை நம்புகிறார்கள். கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். என் கண்ணில் பட்ட அளவில், லிமிட் போனதால் சாய்ந்த தொழிலைவிட, லிமிட் போனதை மறைக்கப் போய்ச் சாய்ந்த தொழில்தான் அதிகம். அந்த நம்பிக்கை தவறு. அதிலிருந்து வரும் யோசனை அதைவிட ஆபத்து.

முதலில் அந்தச் சான்றிதழ்க் கதையைப் பார்ப்போம். 1728-இல் எடின்பரோ நகரத்தில் வில்லியம் ஹாக் என்றொரு வியாபாரி இருந்தார். விற்ற சரக்குக்குப் பணம் வருவதற்குள் வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுன் வரை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அந்த ஏற்பாட்டுக்கு 'கேஷ் கிரெடிட்' என்று பெயர். இன்று நம் ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் சிசி கணக்கு அதன் வாரிசுதான். பணம் போகும் நாளுக்கும் வரும் நாளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைக் கடக்கவே அந்தக் கடன் உண்டானது. கடன் வாங்குபவரின் குணநலத்துக்கும் அதற்கும் தொடக்கத்திலிருந்தே தொடர்பு குறைவு.

அந்தப் பள்ளம் நம் ஊரில் எவ்வளவு ஆழம் என்று அரிசி ஆலைக்குள் நின்று பார்த்தால் தெரியும். சம்பா அறுவடை வந்தால் சில வாரங்களுக்குள் நெல்லை வாங்கிப் போட்டாக வேண்டும். விவசாயி கையில் காசு வாங்காமல் மூட்டையை இறக்கமாட்டார், இறக்கவும் கூடாது. அந்த நெல் அவிந்து, காய்ந்து, அரிசியாகி, சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், கடைக்காரர் விற்று, அவர் மனமிரங்கிப் பணம் அனுப்பும்வரை ஆலைக்காரர் காத்திருக்க வேண்டும். அதற்குள் கரண்ட் பில் வரும், கூலி வரும், ஜிஎஸ்டி தேதி வரும்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுகிறேன். லிமிட் 50 லட்சம். நெல்லும் அரிசியுமாக இருப்பு 40 லட்சம், கடைகளிலிருந்து வரவேண்டியது 30 லட்சம். இருப்பில் 25 சதவீதமும் பாக்கியில் 40 சதவீதமும் மார்ஜின் கழித்தால், 30-உம் 18-உம் சேர்த்து 48 லட்சம் வரை எடுக்கலாம். இதைத்தான் வங்கியில் டிபி என்கிறார்கள். ஆலைக்காரர் எடுத்திருப்பது 46 லட்சம், எல்லாம் ஒழுங்கு. இப்போது இரண்டு பெரிய கடைகள் 20 லட்சத்தைத் தராமல் இழுக்கின்றன. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே 91-ஆம் நாள் அவருடைய டிபி 36 லட்சம். அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. ஆனாலும் 10 லட்சம் மீறியவர் என்று கணினி சொல்லிவிட்டது. பாக்கி வராத நாளில்தான் பணம் தேவை. அதே நாளில்தான் டிபியும் சரிகிறது.

இதில் ஆட்டம் போட்டது யார்? சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. சட்டத்தை மீறியவர் பெங்களூரில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். கெட்ட பெயர் வாங்கியவர் கள்ளக்குறிச்சியில் தலைகுனிந்து நடக்கிறார்.

கரும்புக்கும் இதே கதைதான். வெட்டி அனுப்பிய கரும்புக்கு 14 நாளில் பணம், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்பது 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் ஆலை இருக்கும் மாவட்டம் இது. நிலுவை கேட்டுப் போராடுவது தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிக்குப் பயிர்த்தொழிலின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டது. அந்தப் பணம் வராமல் அவர் கிசான் கடன் அட்டையின் கெடு தப்பினால், 3 லட்சம் வரையான கடனுக்கு 4 சதவீதமாக இறங்கியிருக்க வேண்டிய வட்டிச் சலுகை போகிறது. கணக்கு நிலுவைப் பட்டியலுக்கு ஏறுகிறது. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் நடந்தது இன்னும் மோசம். ஆலை நிர்வாகம் விவசாயிகள் பெயரிலேயே வங்கிகளில் வாங்கிய கடன், வாங்காத விவசாயிகள் தலையில் விடிந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய அவர்களுடைய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. வங்கிப் புத்தகத்தில் கெட்டவராகத் தெரிபவர் கெட்டவர்தான் என்று நம்புகிறவர்கள் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும்.

இன்னொரு வகைக் காரணமும் இருக்கிறது. அது வெறும் காகிதம். இருப்புக் கணக்கு, அதாவது ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கணக்கு ஒழுங்கற்றது. லிமிட்டைப் புதுப்பிக்க வேண்டிய தேதியிலிருந்து 180 நாள் தாண்டியும் ரினியூவல் முடியாவிட்டால், வட்டியை ஒழுங்காகக் கட்டிவரும் கணக்கும் வாராக்கடன்தான். ஆடிட்டர் தாள் தாமதமாகலாம், மேலாளர் மாறிப்போயிருக்கலாம், மண்டல அலுவலகத்தில் கோப்பு தூங்கலாம். 2020 ஏப்ரல் 1-இல் பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது, தன்னைப் பல வருஷம் அறிந்த கிளையே தன்னை அறியாத வங்கியின் கிளையாக மாறிய அனுபவம் பலருக்கு உண்டு. இதில் எல்லாம் நடத்தை எங்கே வந்தது?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிசி பணத்தை எடுத்துப் புறவழிச்சாலையில் மனை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மகள் கல்யாணத்தை ஆலைக் கணக்கில் முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய லிமிட்டை வங்கி வெட்டினால் வங்கியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்களுக்கும் ஊர் சொல்லும் மருந்து அதே கந்துவட்டிதான். அந்த மருந்து குற்றவாளிக்கும் ஆகாது, நிரபராதிக்கும் ஆகாது.

"புரட்டிக் கட்டிடுங்க" என்பதன் உண்மையான விலையைக் கணக்குப் பார்ப்போம். மேலே சொன்ன 10 லட்சத்தை அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். மாதம் 50,000, வருஷத்துக்கு 6 லட்சம். அதே 10 லட்சம் வங்கியிலேயே 11 சதவீதத்தில் மீறிய தொகையாக நின்றிருந்தால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், அதற்கு மேல் கொஞ்சம் அபராதம். அந்த அபராதத்தைக்கூட வட்டியோடு சேர்த்துக் குட்டி போட விடக்கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. ஒரு லட்சத்துச் சொச்சத்துக்குப் பயந்து ஆறு லட்சத்தை ஒப்புக்கொள்வதைத்தான் நாம் மானம் என்கிறோம். இதில் இன்னொரு கொடுமை: வங்கி லிமிட்டையே மூடிவிட்டிருந்தால், கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. வெளிவட்டிப் பணம் உள்ளே போகும். நெல் வாங்க மறுபடி வெளிவட்டிதான்.

வட்டியைவிடப் பெரிய இழப்பு நாள்கள். வங்கி லிமிட்டை நிறுத்திய மறுநாளே வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடும் என்று பலர் நடுங்குகிறார்கள். நடைமுறை அப்படியில்லை. சிசி, ஓடி கணக்கு தொடர்ந்து 90 நாள் வரம்புக்கு மேலேயே நின்றால்தான், அல்லது 90 நாள் வரவே இல்லாமலோ வட்டிக்கும் போதாத வரவோடோ இருந்தால்தான் அது வாராக்கடன் ஆகும். ஆன பிறகு, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தரவேண்டும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொத்தைக் கையகப்படுத்த வந்தாலும் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்தின் மீது அந்தச் சட்டம் பாயவே பாயாது. ஆக, ஒழுங்காக இருந்த கணக்குக்குக் குறைந்தது ஐந்து மாதம் கையில் இருக்கிறது. ஐந்து மாதத்தில் ஒரு அறுவடை வந்துவிடும்; இழுத்தடித்த கடைக்காரர் பாதியாவது அனுப்பிவிடுவார். சட்டம் கொடுத்த இந்த ஐந்து மாதத்தை மானம் ஐந்து நாளாகச் சுருக்கிவிடுகிறது. கந்துவட்டிக்காரர் 90 நாளும் தரமாட்டார், 60 நாளும் தரமாட்டார். நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசு 2003-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்கு 14 வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டி தாளாமல் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்தது. வெளியில் புரட்டச் சொல்கிற அண்ணன்மார் அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

"கேட்டவுடன் திருப்பித் தருகிறேன்னு கையெழுத்துப் போட்டாச்சே, அப்புறம் என்ன பேச்சு?" என்பார்கள். உண்மை, ஓடி ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கும். ஆனால் ரிசர்வ் வங்கி 2003 மே மாதத்தில் கொண்டுவந்த நியாய நடைமுறை விதிகளில், கடனைத் திரும்பக் கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தில் சொன்னபடியோ, அதில் இல்லையென்றால் நியாயமான கால அவகாசத்தோடோ அறிவிப்புத் தரவேண்டும் என்று இருக்கிறது. காலையில் ஆர்டிஜிஎஸ் போடப் போனவரிடம் "லிமிட் இல்ல சார்" என்று கவுண்டரில் சொல்வது அறிவிப்பு ஆகாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நொடிக்கும் சிறுதொழில்களை மீட்க 2015 மே 29-இல் மத்திய அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதை வங்கிகளுக்கு விதியாக்கியது. 25 கோடி வரை கடன் உள்ள தொழில்களுக்கு இது பொருந்தும். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே அறிகுறியைக் கண்டு, குழு அமைத்து, கடனைத் திருத்தியமைக்க வழியிருக்கிறதா என்று வங்கி பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 1-இல், புரோ நிட்ஸ் எதிர் கனரா வங்கி வழக்கில், இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் விதிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு: தான் சிறுதொழில் என்பதைக் கடன்காரரும் உரிய நேரத்தில், ஆவணத்தோடு வங்கியிடம் சொல்லியிருக்க வேண்டும். வாராக்கடன் ஆகி, வீடு ஏலத்துக்கு வந்தபிறகு இந்த விதியைத் தூக்கிக்கொண்டு வந்தால் செல்லாது. வெட்கப்பட்டு வாய் மூடியிருந்தவர் உரிமையையும் சேர்த்து இழந்துவிடுகிறார். மானத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த ஒரு தீர்ப்பை வாசித்தால் போதும்.

ஆலைக்காரர் பாடு இப்படியென்றால் சிறு விவசாயிக்கு ஓடி எது? நகைக்கடன். வருஷம் ஒருமுறை வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துக்கொண்டிருந்த ஏற்பாடு, பெயர் இல்லாத ஓவர்டிராஃப்ட்தான். வங்கிகள் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டித் திருப்பினால்தான் மறுபடி வைக்கலாம் என்று நெருக்கத் தொடங்கியதும் என்ன நடந்தது? ஒரு நாள் வட்டிக்குப் பணம் தருபவர் வங்கி வாசலிலேயே கிடைக்கிறார். காலையில் அவர் பணத்தைக் கட்டி நகையைத் திருப்பி, அதே நகையை மறுபடி வைத்து, அவருக்கு அசலும் கமிஷனும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டியது. பயிர்க்கடனைப் புதுக்குவதும் பல இடங்களில் இப்படித்தான். வங்கி ஏட்டில் "கெடுவுக்குள் செலுத்தப்பட்டது" என்று அழகாக ஏறுகிறது. அந்த ஒழுங்கை எழுதிக்கொடுத்தவர் வெளிவட்டிக்காரர் என்பதை ஏடு சொல்வதில்லை. மேலாளருக்கும் தெரியும், கேட்பதில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வாதம் வேறு மாதிரி ஆகிறது. கல்வராயன் மலையில் ஓடியை நிறுத்திவிட்டார்கள் என்று புலம்ப ஆளில்லை, கொடுத்தால்தானே நிறுத்துவதற்கு. ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-இல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். இரண்டும் வந்து அரை நூற்றாண்டு ஆகியும், மரவள்ளி போடும் மாதத்தில் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்குக் காசு தருவது பெரும்பாலும் வியாபாரி அல்லது வெளியூர் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி. முன்பணம் வாங்கியவர் மரவள்ளியின் மாவுச்சத்துப் பாயிண்டைப் பற்றியோ கடுக்காயின் விலையைப் பற்றியோ பேரம் பேச முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபிறகு எல்லார் பார்வையும் மலைப்பக்கம் திரும்பியது. சென்னை உயர் நீதிமன்றம்கூட மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாராயத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அங்கே நேர்வழியில் கடன் எங்கே கிடைக்கிறது என்று பேசியவர்கள் குறைவு.

வங்கியைக் கேட்டால் பட்டா இல்லை, ஈடு இல்லை என்பார்கள். வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் நில உரிமையை வாரிசுக்குத் தரலாம், விற்கவோ கைமாற்றவோ முடியாது. அதனால் அடமானத்துக்கு ஆகாது என்பதும் சரி. ஆனால் விவசாயக் கடனில் 2 லட்சம் வரை ஈடே கேட்கக்கூடாது என்று 2025 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. ஜன் தன் கணக்கை ஆறு மாதம் ஒழுங்காக நடத்தியவருக்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் தரலாம் என்பது 2018-இலிருந்து இருக்கிறது. வெள்ளிமலைச் சந்தையில் நின்று எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப்பாருங்கள். கடன் ஒழுக்கத்துக்குக் கிடைக்கும் பரிசு என்று நம்புகிற ஊர், மலையில் கடன் இல்லாததையும் மலைக்காரரின் ஒழுக்கக் குறைவாகவே படித்துக்கொள்கிறது. கீழே ஆலைக்காரரைக் குனிய வைக்கும் நினைப்புத்தான் மேலே மேஸ்திரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

வங்கிகள் தங்களுக்குள் இந்த மானக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை. வில்லியம் ஹாக்குக்கு ஓவர்டிராஃப்ட் கொடுத்த அதே ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2008-இல் கவிழப் போனது. பிரிட்டன் அரசு மொத்தம் 4,500 கோடி பவுனுக்கு மேல் கொட்டித் தூக்கி நிறுத்தியது. அதன் இயக்குநர்கள் யாரும் தெருவில் வட்டிக்குப் புரட்டவில்லை. அதற்குப் பின் நெருக்கடியில் இருந்த சிறுதொழில்களை அந்த வங்கியின் ஒரு பிரிவு எப்படி நடத்தியது என்பது 2013 நவம்பரில் டாம்லின்சன் அறிக்கையாக வெளிவந்து பெரிய சண்டையானது. பரவலாக முறையற்ற விதத்தில் நடத்தியிருக்கிறார்கள் என்று அந்நாட்டு நிதி ஒழுங்காணையமும் பிறகு உறுதி செய்தது. அது வெளியே வந்ததற்குக் காரணம், லிமிட் போன வியாபாரிகள் வாயைத் திறந்ததுதான்.

ஆகவே லிமிட் போனவருக்கு என் யோசனை ஊர் யோசனைக்கு நேர் எதிரானது. வங்கியை அடைப்பது கடைசி வேலை. அவசர வேலை, பின்தேதியிட்டுக் கொடுத்த செக்குகளைப் பார்ப்பது. ஏற்பாடு செய்த வரம்பைத் தாண்டியதால் திரும்பும் செக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுக்குள் வரும். நோட்டீஸ் வந்து 15 நாளில் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு. அந்த மனிதர்களிடம் இன்றே போய்ப் பேசித் தேதி வாங்குங்கள். கையில் இருக்கும் காசு கூலிக்கும் கரண்டுக்கும் அவர்களுக்கும் போகட்டும். வசூலைத் திருட்டுத்தனமாக வேறு கணக்குக்குத் திருப்பாதீர்கள். 25 லட்சமும் அதற்கு மேலும் பாக்கி உள்ளவர் அப்படிச் செய்தால், வேண்டுமென்றே கடன் கட்டாதவர் என்று முத்திரை குத்த வங்கிக்கு நாமே வழி செய்து கொடுத்தாற்போல் ஆகும். அதற்குப் பதிலாக, உள்ளே வரும் பணத்தில் ஒரு பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தொழிலுக்கு விடும்படியும், மீறிய தொகையைத் தவணைக் கடனாக மாற்றும்படியும் கேளுங்கள். கேட்டால் கிடைக்கிறது; எல்லா நேரமும் இல்லை, நாம் நினைப்பதைவிட அதிகமாக. இழுத்தடிக்கும் கடைக்காரர் மீது எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனுப் போடுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். லிமிட்டைத் திரும்பக் கொடு என்று அவர் உத்தரவிடமாட்டார், அது வங்கியின் வணிக முடிவு; அறிவிப்பில்லாமல் நிறுத்தியதைக் கேட்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடிதம். கிளை மேலாளருக்கு, நகல் மண்டல அலுவலகத்துக்கு. நிறுத்தியதன் காரணத்தை எழுத்தில் கேட்டு, சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவுச் சான்றை இணைத்து, 2016-ஆம் ஆண்டு விதிப்படி உங்கள் கணக்கைக் குழுவின் முன் வைக்கச் சொல்லி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.